ட்ரெய்லர்ல இன்வெர்ட்டர் மாட்டியும் விடியறதுக்குள்ள பேட்டரி காலியா?

கேள்வி: ட்ராவல் ட்ரெய்லர்ல (வண்டி பின்னாடி இழுத்துட்டுப் போற வீடு) 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியும் 2000 வாட் இன்வெர்ட்டரும் போட்டிருக்கேன். வெளி கரண்ட் இல்லாத எடத்துல ஷோர் பவர் ஒயரை, அதான் வெளி கரண்ட்டை ட்ரெய்லருக்குள்ள கொண்டு வர்ற ஒயரை எடுத்து இன்வெர்ட்டர் சாக்கெட்லயே சொருகிடுவேன், உள்ள எல்லா பிளக்கும் வேலை செய்யுது. ஃபிரிட்ஜ் கேஸ்ல ஓடுது, ராத்திரி ஒரு ஃபேன், ரெண்டு போன் சார்ஜர் அவ்ளோதான், ஆனா விடியும்போது பேட்டரி காலி. பேட்டரி டூப்ளிகேட்டா? இன்னொன்னு, இன்வெர்ட்டர் அவுட்புட்டை மெயின் பேனல்லயே ஒரு பிரேக்கர் போட்டு சேத்துடலாம், ஒயரை மாத்தி மாத்தி சொருக வேணாம்ங்கறார் ஒயரிங் பண்றவர். செய்யலாமா?

பதில்: பேட்டரி மேல பழி போடாதீங்க, அது பாவம். திருடன் உங்க கன்வர்ட்டர். அதான் வெளி கரண்ட் வந்தா பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற பெட்டி. நீங்க ஷோர் ஒயரை இன்வெர்ட்டர்ல சொருகினதும் அது "ஆஹா கரண்ட் வந்துடுச்சு"ன்னு நெனச்சு பேட்டரியை சார்ஜ் பண்ண ஆரம்பிக்குது. எந்த கரண்ட்ல? அதே பேட்டரிலேர்ந்து வந்த கரண்ட்ல! சொம்புத் தண்ணியை குடத்துல ஊத்தி அதே குடத்துலேர்ந்து திரும்ப சொம்புல மொண்டுக்கிட்டே இருந்தா நடுவுல சிந்தும்ல, அந்தக் கதைதான். இன்வெர்ட்டர்ல ஒரு 10 சதவீதம், கன்வர்ட்டர்ல ஒரு 15 சதவீதம் சூடாவே போயிடும், 100 வாட் கிளம்பினா திரும்பி வர்றது 76 தான். 55 ஆம்பியர் கன்வர்ட்டர் முழுசா ஓடினா சும்மாவே 200 வாட்டுக்கு மேல கரையும், உங்க பேட்டரில இருக்கறதே சுமார் 2500 வாட்-அவர், ஃபேனையும் சேத்துப் பாத்தா விடியறப்போ காலியாகாம என்ன பண்ணும்?

சரியாக்கறதுக்கு செலவே இல்ல. இன்வெர்ட்டர்ல சொருகறதுக்கு முன்னாடி பேனல்ல கன்வர்ட்டருக்கான பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க.

இப்ப அந்த ஒயரிங்காரர் யோசனைக்கு வர்றேன். வேண்டவே வேண்டாம். எனக்கு வர்ற எரிஞ்சு போன இன்வெர்ட்டர்ல பாதி இந்த மாதிரி "சிம்பிளா முடிச்சுடலாம் சார்" ஆளுங்க கைவண்ணம்தான். மெயின் பேனல்ல நேரா சேத்துட்டு, ஒரு நாள் மறந்து போய் இன்வெர்ட்டர் ஓடிக்கிட்டிருக்கும்போதே வெளி கரண்ட்டை சொருகினீங்கன்னா ரெண்டும் மோதி இன்வெர்ட்டர் அந்த நொடியே செத்துடும். அதாவது காசோட போச்சு. உயிரையே எடுக்கறது வேற: இன்வெர்ட்டர் ஓடும்போது ட்ரெய்லர் வெளிச் செவுத்துல இருக்கற ஷோர் பவர் பின்னு இருக்குல்ல, அந்த மூடியைத் தெறந்தா வெளியவே தெரியற பித்தளை, அதுல முழு கரண்ட் நிக்கும். ஒயரை சொருகலாம்னு ஈரக் கையோட ஒரு புள்ள போய் தொட்டா? ரெண்டு பக்கமும் ஆண் பிளக் வச்ச ஒயர் விக்கறாங்களே, அதுவும் இதே எமன்தான்.

அப்ப நான் சொருகறதே தப்பான்னு கேப்பீங்க. இல்ல, இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா பல எலக்ட்ரீஷியன்களே இதைப் போட்டு திட்டுவாங்க. ஒரு பிளக் ஒரே நேரத்துல ரெண்டு சாக்கெட்ல இருக்க முடியாது. வெளி கம்பத்துலேர்ந்து புடுங்கினாத்தான் இன்வெர்ட்டர்ல சொருக முடியும், அதனால ரெண்டு கரண்ட்டும் சந்திக்கவே வழியில்ல, உங்க கைதான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ரெண்டு கரண்ட்ல ஒண்ணை மட்டும் உள்ள விடற சுவிட்ச்). பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா பேனல்ல நேரா சேக்கறதை விட பத்து மடங்கு பத்திரம். நிபந்தனை: கன்வர்ட்டர், ஏசி, வாட்டர் ஹீட்டர் மூணும் ஆஃப்ல இருக்கணும், அப்புறம் அந்த இன்வெர்ட்டர் உள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் சேத்து வச்சதா இருக்கணும், இல்லன்னா எர்த் லீக் ஆனாலும் டிரிப் ஆகாம போகலாம். மேனுவல்ல தேடுங்க. நாப்பது பக்கம் "மழைல நனைக்காதீர்"னு எழுதுவாங்க, இந்த ஒரு வரியை மட்டும் எங்கயோ ஒளிச்சு வச்சிருப்பாங்க, இல்ல எழுதவே மாட்டாங்க, கேக்கறதுக்கு ஆளே கெடையாது.

மாத்தி மாத்தி சொருக அலுப்பா இருந்தா ஒழுங்கான வழி ஆட்டோமேட்டிக் சேஞ்ச் ஓவர், இல்ல அது உள்ளயே இருக்கற இன்வெர்ட்டர்-சார்ஜர். பிளக் பாயின்ட்டை மட்டும் தனி சின்ன பேனலுக்கு மாத்தி அதுக்கு முன்னாடி சேஞ்ச் ஓவரை வைக்கணும், கன்வர்ட்டரும் ஏசியும் பழைய பேனல்லயே கிடக்கட்டும், அப்ப இந்த சுத்து சுத்துற பிரச்சினையே வராது. இங்க எல்லாரும் கோட்டை விடறது நியூட்ரல். பேஸை மட்டும் மாத்திட்டு நியூட்ரல் ஒயரை பழைய பட்டையிலயே விட்டுடுவாங்க, அப்புறம் வெளி கரண்ட்ல டிரிப் ஆகுதே சார்னு போன். ரெண்டும் சேந்து மாறணும், புது பேனலுக்குத் தனி நியூட்ரல் பட்டை வேணும். செஞ்சு முடிச்சதும் பேனல் மூடியைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, முனகினா ஆளை மாத்துங்க.

கேபிளையும் ஒரு தடவை பாத்துடுங்க. 2000 வாட் முழுசா இழுத்தா 12 வோல்ட் பக்கம் 180 ஆம்பியருக்கு மேல போகும், வெல்டிங் மெஷின் ஒயர் கனத்துல சுத்தமான செம்பு வேணும், பேட்டரி பிளஸ் பக்கத்துலயே ஃபியூஸும் வேணும். கடைல செம்புன்னு குடுக்கறது பல நேரம் செம்பு பூசின அலுமினியம், அதே தடிமன்ல தடை ஒன்றரை மடங்கு இருக்கும், லக் (ஒயர் நுனில மாட்டற உலோக வளையம்) எடத்துல சூடாகி உருகும். ஒரு இழையை பிளேடால சொரண்டுங்க. வெளிய செவப்பு உள்ள வெள்ளைன்னா மூஞ்சில விட்டெறியுங்க. வெளிய வெள்ளை உள்ள செவப்புன்னா அது டின் பூசின செம்பு, நல்ல சரக்கு.

இன்னிக்கு ராத்திரி கன்வர்ட்டர் பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு தூங்குங்க. காலைல பேட்டரில கால் பங்கு, மிஞ்சிப் போனா மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கும். அதையும் தாண்டி காலியாச்சுன்னா ஃபிரிட்ஜ் சுவிட்ச்சைப் பாருங்க, கேஸ்லதான் ஓடுதுன்னு நீங்க சொல்றீங்க, அது "ஆட்டோ"ல நின்னா கரண்ட்டைப் பாத்ததும் கேஸை விட்டுட்டு தாவிடும்.