மான்செஸ்டரிலிருந்து ஒரே நாளில் போய், ஒரு இடைக்காலக் கோட்டையை ஆற அமரப் பார்த்துவிட்டு வர எங்கே போகலாம்? எப்படிப் பார்ப்பது?

கான்விக்குப் போங்கள். வேல்ஸின் வட கரையில், கான்வி ஆறு கடலைத் தொடும் இடத்தில் பாறை மேல் நிற்கும் கோட்டை. ரயிலில் சுமார் 2 மணி நேரம். ஒரே நாளில் மூன்று நான்கு கோட்டைகளைக் காட்டும் பேருந்துச் சுற்றுலாக்கள் உண்டு. ஆற அமரப் பார்க்க நினைப்பவருக்கு அவை ஆகாது. ஒரு நாள், ஒரு கோட்டை. அதுவே சரி.

ரயிலில் லான்டட்னோ ஜங்ஷனில் இறங்கி நடந்து போவதுதான் நல்லது. கான்வியிலேயே ஸ்டேஷன் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் அங்கே போகாது. போகிற வண்டியும் கண்டக்டரிடம் முன்பே சொல்லி வைத்தால்தான் நிற்கும். ஜங்ஷனிலிருந்து ஆற்றுப் பாலம் வழியாக 20 நிமிட நடை. காலை வெயில் உங்கள் முதுகில் இருக்கும், கோட்டையின் கிழக்கு முகம் முழுக்க வெளிச்சத்தில் இருக்கும். பாலத்தில் நின்று கோபுரங்களின் தலையைப் பாருங்கள். மொத்தம் 8 கோபுரங்கள். கிழக்கே உள்ள 4 கோபுரங்களின் உச்சியில் மட்டும் கூடுதலாக ஒரு சின்னக் கோபுரம் முளைத்திருக்கும். அந்தப் பாதிதான் அரசன் குடியிருந்த பகுதி. கோட்டை என்றால் நமக்குப் படை இருக்கும் அரண்தான் நினைவுக்கு வரும். இது அரணுக்குள் ஒரு வீடு. அதை வெளியிலிருந்தே பிரித்துப் பார்த்துக்கொண்டால் உள்ளே போனதும் குழப்பம் வராது.

1283-ல் வேல்ஸை வென்ற கையோடு இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் இதைத் தொடங்கினான். ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவாயிலிருந்து வந்த தலைமைக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸின் பொறுப்பில் நான்கைந்து ஆண்டுகளில் முடிந்தது. ஊர் மதிலோடு சேர்த்து ஆன செலவு சுமார் 15,000 பவுண்டு. அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை.

இங்கே பலரும் செய்யும் தவறு, டிக்கெட்டைக் காட்டியதும் நேராகக் கோபுரத்தில் ஏறுவது. உச்சியில் நாலு படம் எடுத்துக்கொண்டு, "வெறும் கல்லுதான், உள்ளே ஒண்ணுமில்லை" என்று முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே ஒன்றும் இல்லாததற்குக் காரணம் உண்டு. 1665-ல் கூரையின் ஈயத்தையும் இரும்பையும் கழற்றி எடுத்துப் போனார்கள். கூரை போனதும் மழை இறங்கி மரத்தளங்கள் எல்லாம் மக்கிவிட்டன. மிஞ்சியது சுவர். ஆகவே சுவரைத்தான் படிக்க வேண்டும்.

ஏதாவது ஒரு கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் தெரிந்தால், அவை உத்தரங்களின் முனை சொருகிய இடங்கள். அங்கே ஒரு தளம் இருந்தது. அதற்கு மேலே அந்தரத்தில் ஒரு கணப்படுப்பு தொங்கும். அது காற்றில் கட்டியதல்ல, அந்தத் தளத்து அறையினுடையது. வெளிச்சுவரில் சுற்றிச் சுற்றிச் சரிவாக ஏறும் சிறு துளைகள் வேறு. அவை கட்டும்போது சாரத்தின் கட்டைகளைச் சொருகிய இடங்கள். சில இடங்களில் வெள்ளைப் பூச்சின் எச்சம் ஒட்டியிருக்கும். இன்று சாம்பல் நிறமாக நிற்கும் இந்தக் கோட்டை ஒரு காலத்தில் சுண்ணாம்பு பூசி வெள்ளை வெளேரென்று இருந்தது.

இப்படி ஒரு கோபுரத்தைப் படித்துவிட்டால் மற்றவை தாமாகப் புரியும். மேற்கு முற்றத்தில் பெரிய கூடத்தைப் பாருங்கள்: பாறையின் போக்கிலேயே கட்டியதால் சுவர் வளைந்து போகும். 1340-களில் கூரையைத் தாங்க வைத்த 8 கல் வளைவுகளில் இன்று நிற்பது ஒன்றே. அதைத் தாண்டினால் 91 அடி ஆழக் கிணறு, பிறகு அரசனின் உள்முற்றம்.

உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் கிழக்கே உள்ள தேவாலயக் கோபுரம். அரசன் தனியாக இருந்து வழிபாட்டைப் பார்க்க, சுவரின் கனத்துக்குள்ளேயே ஒரு சிற்றறை உண்டு. அங்கே பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். இந்தக் கோட்டைக்கும் ஊருக்கும் இடம் வேண்டுமென்று, வேல்ஸ் இளவரசர் லிவெலின் அடக்கமாகியிருந்த மடத்தையே எட்வர்ட் வேறிடத்துக்கு அனுப்பினான். மதிலுக்குள் ஆங்கிலேயரைக் குடியேற்றினான். இவ்வளவு அழகு, ஒரு மக்களை அடக்கி வைக்கக் கட்டியது. அந்தச் சுவரும் ஏமாந்தது. 1401-ல் புனித வெள்ளியன்று, காவலர்கள் தேவாலயம் போயிருந்த நேரத்தில், தச்சர் வேடத்தில் ஆளை உள்ளே விட்டு வேல்ஸ்காரர்களான ரீஸ், க்விலிம் சகோதரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களின் இன்னொரு சகோதரன் வழியில் வந்த ஏழாம் ஹென்றிதான் 1485-ல் இங்கிலாந்தின் அரசனானான்.

கோபுரத்தில் கடைசியாக ஏறுங்கள். சுழற்படிகள் குறுகல், தேய்ந்தவை, மழை நாளில் வழுக்கும். படியின் உள்பக்கம் ஆப்பு மாதிரி ஒடுங்கிப்போவதால் இறங்கும்போது சுவரோரமாகவே கால் வையுங்கள். பிடிப்புள்ள ஷூ அவசியம். மேலே கடற்காற்று பலமாக வீசும், கோடையிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே உள்ளே போய்விடுங்கள்.

பிற்பகலை ஊர் மதிலுக்கு வையுங்கள். சுமார் 1.3 கிலோமீட்டர், 21 கோபுரங்கள், கட்டணம் இல்லை. பெரும்பகுதியில் மேலேயே நடக்கலாம். தெற்குப் பக்கம் வெளியிலிருந்து பார்த்தால் மதிலில் வரிசையாக 12 கல் மாடங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் அரசனின் ஊழியர்களுக்காகக் கட்டிய கழிப்பறைகள் அவை. மதில் மேற்கே மேடேறும் உச்சிக்குப் போனால் ஊர், கோட்டை, ஆறு மூன்றும் ஒரே பார்வையில் விழும். காலையில் கிழக்கு முகத்தில் பார்த்த வெயில் இப்போது மேற்கு முகத்தில் இருக்கும். திரும்பக் கான்வி ஸ்டேஷனிலேயே ஏறுவதானால், வண்டி வரும்போது பிளாட்ஃபாரத்தில் தெரியும்படி நின்று கை காட்டுங்கள். இல்லாவிட்டால் நிற்காமல் போய்விடும்.