புகையிலை நிறுவன விஞ்ஞானிகளுக்கு மனசாட்சியே இல்லையா?

கேள்வி இது: "நிகோடின் அடிமைப்படுத்தும் என்று தங்கள் ஆய்வகத்திலேயே கண்டுபிடித்த பிறகும் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்களின் விஞ்ஞானிகள் ஏன் வாய் திறக்கவில்லை? மனசாட்சியே இல்லையா?"

மனசாட்சி என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கேட்டவர் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் என்று நினைக்கிறேன். வேலையில் சேரும் அன்று நீட்டப்படும் தாள்களில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

நான் சிகரெட் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. புகைப்பதும் இல்லை. பசை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆறு வருடம் இருந்தேன், பெயர் வேண்டாம். ஒட்டிக் காய்ந்த பசையிலிருந்து எவ்வளவு கரைப்பான் ஆவியாக வெளியேறுகிறது என்று மூடிய பெட்டிக்குள் வைத்து அளப்பது என் வேலை. ஒரு வகைப் பசையில் அந்த அளவு எங்கள் விற்பனைத் தாளில் இருந்ததைவிடக் கூடுதலாக வந்தது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, அதைச் சரிபார்த்து மூன்று முறை ஓட்டினேன். அதே அளவுதான். அறிக்கை எழுதி மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "இதையெல்லாம் ஏம்ப்பா மெயில்ல போடுற? நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே?"

அதற்குப் பிறகு மிரட்டல் எதுவும் வரவில்லை. எல்லோரும் முன்பைவிட மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அறிக்கை சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்பியபோது முதல் பக்கத்தின் தலையில் "வழக்கறிஞரின் ஆலோசனைக்காகத் தயாரிக்கப்பட்டது" என்று ஒரு வரி ஏறியிருந்தது. நான் எந்த வழக்கறிஞருக்காகவும் அதைத் தயாரிக்கவில்லை. அடுத்த வாரம் அந்தக் கோப்பைத் திறக்கப் பார்த்தால் எனக்கு அனுமதி இல்லை என்று வந்தது. நான் அளந்த எண்களை நானே பார்க்க முடியாது!

பசையையும் சிகரெட்டையும் ஒப்பிடுகிறாயா என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், ஒப்பிடவில்லை. அந்த ஆவியால் யாருக்கும் ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம். நான் பேசுவது அந்த ஒரு வரியைப் பற்றி.

புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்களை நான் படித்தது பல வருடம் கழித்து. பிலிப் மோரிஸ் 1980-ல் வேலைக்கு எடுத்த விக்டர் டிநோபிள் என்ற விஞ்ஞானி, எலிகள் நிகோடினுக்காகத் தாமாகவே நெம்புகோலை அழுத்துகின்றன என்று காட்டினார். 1983-ல் கட்டுரை ஒரு ஆய்விதழுக்குப் போனது, நிறுவனம் அதைத் திரும்பப் பெற வைத்தது. 1984-ல் ஆய்வகத்தையே மூடிவிட்டார்கள். பத்து வருடம் அவர் பேசவில்லை, காரணம் ரகசியக் காப்பு ஒப்பந்தம். 1994 ஏப்ரல் 14 அன்று ஏழு புகையிலை நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்தும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். நிறுவனம் அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவித்த பிறகு, அதே மாதம் 28-ம் தேதி டிநோபிள் அதே குழுவின் முன் உட்கார்ந்து எலிக் கதையைச் சொன்னார். மனசாட்சி அந்த இரண்டு வாரத்தில் முளைத்ததா என்ன?

என்னை உலுக்கியது வேறொன்று. பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற இன்னொரு சிகரெட் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர் 1985 ஜனவரியில் எழுதிய குறிப்பு. சில ஆய்வு ஆவணங்களைக் 'காய்ந்த கட்டை', அதாவது உதவாதவை என்று சொல்லிக் கோப்புகளிலிருந்து அப்புறப்படுத்தலாம் என்கிறார். இதைப் பற்றி ஆய்வுப் பிரிவில் யாரும் குறிப்போ பட்டியலோ எழுதக் கூடாது என்றும் சொல்கிறார். படித்ததும் எனக்கு என் மேலாளரின் குரல்தான் கேட்டது. அதே நிறுவனத்தின் இன்னொரு வழக்கறிஞர் 1963-லேயே, நிகோடின் அடிமைப்படுத்துவது, நாம் அதை விற்கும் தொழிலில் இருக்கிறோம் என்று உள்ளுக்குள் எழுதி வைத்திருக்கிறார். ஆக விஞ்ஞானிக்கு மட்டும் தெரிந்த ரகசியமில்லை இது. விஞ்ஞானி கண்டுபிடித்ததை வழக்கறிஞர் உறையில் போட்டு ஒட்டிவிட்டால், கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான பேச்சு என்று சொல்லி நீதிமன்றத்திடமே காட்ட மறுக்கப் பார்க்கலாம். எரிக்கவோ கிழிக்கவோ தேவையில்லை.

கடைசியில் பூட்டை உடைத்தது விஞ்ஞானிகூட இல்லை. அந்த நிறுவனத்துக்காக வேலை செய்த சட்ட அலுவலகத்தில் ஆவணங்களைப் படித்து வகைப்படுத்தும் ஊழியர் ஒருவர் பிரதி எடுத்து வெளியே கொண்டுவந்தார். 1994 மே மாதம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸுக்கு சுமார் 4,000 பக்கங்களோடு ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் பெயர் 'மிஸ்டர் பட்ஸ்', ஒரு கேலிச்சித்திர சிகரெட்டின் பெயர். அந்த ஊழியர் செய்தது திருட்டு என்பவர்கள் இருக்கிறார்கள், சட்டப்படி வாதாடவும் இடமிருக்கிறது. எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை.

அதனால் கேட்டவருக்கு என் பதில், மனசாட்சி இருந்தது. வீட்டுக் கடனும் இருந்தது. இதை நியாயப்படுத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என் கதையைத்தான் சொல்கிறேன்.

வேலையை விட்டபோது இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகும் அனுபவச் சான்றிதழுக்கு ஐந்து மாதம் அலையவிட்டார்கள். வந்த கடிதத்தில் என்னைக் 'கிடங்குக் கணக்கு உதவியாளர்' என்று போட்டிருந்தார்கள். திருத்தித் தரக் கேட்டு நான்கு முறை எழுதினேன். மின்னஞ்சலில்தான். ஒன்றுக்கும் பதிலில்லை.