இருக்காரா, இருப்பாரா? (வாசகர் கடிதம்)

அண்ணா, அட்லாண்டா வந்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஒரு அலபாமாக்காரர் 'பென்' கேட்டா என் காதுல 'பின்'னுன்னு விழுது. இன்னொருத்தர், கறுப்பினத்தவர், 'ஆஸ்க்'கை 'ஆக்ஸ்'ங்கறார், 'ஹி பி வொர்க்கிங்'ங்கறார். இங்கயே பொறந்தவங்க ஏன் கிராமர் இல்லாம பேசறாங்க? நான் ஆக்சென்ட் கிளாஸ் போகலாமா?

தம்பி,

நாலு மாசத்துல இவ்ளோ காதுல வாங்கியிருக்கீங்களே, சந்தோஷம். பத்து வருஷம் அங்க இருந்தும் பக்கத்து சீட்டுக்காரர் எப்படிப் பேசறார்னு தெரியாதவங்க உண்டு. ஆனா 'கிராமர் இல்லாம'ன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் சுர்ருன்னு ஏறிச்சு.

பென், பின் எல்லாம் விடுங்க. தெற்குல னகரத்துக்கு முன்னாடி எகரமும் இகரமும் ஒண்ணாயிடும், குழப்பம் வந்தா அவங்களே 'இங்க் பென்'னு சொல்லிக்குவாங்க. 'ஆக்ஸ்' 1535-ல அச்சான இங்கிலீஷ் பைபிள்லயே இருக்கு, 'கேளுங்கள் கொடுக்கப்படும்'ங்கற இடத்துல.

இந்த 'பி'தான் என்னைப் படுத்தின ஆளு. உங்க ஊர்லதான், தங்கச்சி வீட்டுல தங்கியிருந்தப்ப ஒரு லாண்ட்ரிக்குப் போனேன், மெஷின் என் காசை முழுங்கிடுச்சு, ஓனர் இருக்காரான்னு அங்க துணி மடிச்சுக்கிட்டிருந்த அம்மாகிட்ட கேட்டா 'ஹி பி ஹியர்'னாங்க. சரி வந்துடுவார்னு ஈரத்துணியோட ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் அந்தம்மாவே பரிதாபப்பட்டு, 'ஹி பி ஹியர், ஹி ஏன்ட் ஹியர் நௌ'ன்னு பிரிச்சுச் சொன்னாங்க. அதாவது வழக்கமா இருப்பாரு, இப்ப இல்ல. நான் இருக்காரான்னு கேட்டேன், அவங்க இருப்பாருன்னு சொன்னாங்க, அவ்ளோதான்! நம்ம வீட்டுப் பாட்டி 'அவன் காலைல டீ குடிப்பான்'னா நாளைக்கு குடிக்கப்போறதையா சொல்றாங்க? தினமும் குடிக்கறதை. அந்த 'ப்பான்' செய்யற வேலையைத்தான் அங்க 'பி' செய்யுது. ஸ்கூல் இங்கிலீஷ்ல 'ஹி இஸ் ஹியர்'கூட 'யூஷுவலி'ன்னு தனியா ஒரு வார்த்தையை ஒட்டணும்.

ஜானிஸ் ஜாக்சன்னு ஒரு ஆய்வாளர் குழந்தைங்ககிட்ட ஒரு படம் காட்டினாங்க. செசமி ஸ்ட்ரீட்ங்கற குழந்தைங்க டிவி ஷோல வர்ற பொம்மைங்க, எப்பவும் பிஸ்கட் தின்னுக்கிட்டிருக்கற குக்கி மான்ஸ்டர் காய்ச்சல்ல படுத்திருக்கு, எல்மோ பிஸ்கட் தின்னுது. 'ஹூ இஸ் ஈட்டிங் குக்கீஸ்'னு கேட்டா எல்லாரும் எல்மோவைக் காட்டினாங்க. 'ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்'னு கேட்டா கறுப்பினக் குழந்தைங்கதான் அதிகமா படுத்திருந்த மான்ஸ்டரைக் காட்டிச்சுங்க. யாரு சாப்பிடுறா, யாரு சாப்பிடுவா. கிராமர் இல்லாதவங்களா இவங்க? இந்தப் பேச்சு பேசின பிள்ளைங்களை மக்கு லிஸ்ட்ல போட்ட கேஸ் மிச்சிகன்ல ஆன் ஆர்பர்ல கோர்ட்டுக்கே போச்சு, முதல்ல டீச்சருங்க அந்தப் பிள்ளைங்க வீட்டுப் பேச்சைப் புரிஞ்சுக்கணும்னு 1979-ல ஜட்ஜ் சொல்லிட்டார். நீங்க இன்னும் அந்த டீச்சருங்க இருந்த இடத்துலயே நிக்கறீங்க.

கிளாஸா? போங்க, போகாதீங்க, உங்க காசு. எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. 'ஷி பின் மேரிட்'னு அந்தப் 'பின்'னை அழுத்திச் சொன்னா (அலபாமாக்காரர் பின் இல்ல, இது 'ஹேஸ் பீன்'ல வர்ற 'பீன்'), கல்யாணமாகி ரொம்ப நாளாச்சு, இன்னும் சேர்ந்துதான் இருக்காங்கன்னு அர்த்தம். உங்க ஆபீஸ் நண்பர் வீட்டுல இதை எதுக்கெல்லாம் சொல்லுவாங்கன்னு மரியாதையா கேட்டு எழுதுங்க.