எரிமலைச் சாம்பலும் வாடைக் காற்றும்

கேள்வி: பள்ளிச் செயல்திட்டத்துக்காகத் தான்சானியாவைப் பற்றி எழுதும் என் மகள், சிங்கத்தையும் யானையையும் விட்டால் அங்கே வேறென்ன இருக்கிறது என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஓர் எரிமலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், அம்மா. வடக்குத் தான்சானியாவில், மாசாய் மக்கள் கடவுளின் மலை என்று போற்றும் ஓல் டொய்ன்யோ லெங்காய் இருக்கிறது. அதன் குழம்பில் சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் நிறைந்திருப்பதால், மற்ற எரிமலைகளைப் போலச் செந்தழலாகப் பாயாமல், சுமார் 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே கறுத்த சேறுபோல ஓடி, ஈரம் பட்டதும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிடுகிறது. உலகில் இன்று இத்தகைய குழம்பைக் கக்கும் எரிமலை இது ஒன்றே.

இவ்வட்டார எரிமலைகளின் சாம்பல், பக்கத்திலுள்ள செரங்கெட்டிப் புல்வெளியின் தென்பகுதியில் படிந்து, அடியில் கெட்டித் தளமாக இறுகிவிட்டதால் அங்கே மரங்கள் வேரூன்றுவதில்லை. ஆனால் மேலே முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. மாடு போன்ற உருவமுள்ள மான் இனமான வில்டபீஸ்ட்டுகள் லட்சக்கணக்கில் மழைக்காலத்தில் அங்கே திரும்பி, பிப்ரவரி வாக்கில் கன்று ஈனுவது அந்தப் புல்லை நம்பித்தான். ஆற்றைக் கடக்கையில் முதலை கவ்வும் காட்சியையே தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய நமக்கு, தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் அந்தப் புல்வெளி கண்ணில் படாமல் போவது எனக்கு வருத்தமே.

அருகில் உள்ள லயட்டோலியில், 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மழையில் நனைந்த சாம்பல் மீது நம் மூதாதையர் நிமிர்ந்து நடந்த தடங்களை தொல்மானிட ஆய்வாளர் மேரி லீக்கியின் குழு 1978இல் கண்டறிந்தது. குதிகால் அழுந்திய பள்ளமும், பக்கத்தில் மழைத்துளிகள் விழுந்த சிறு குழிகளும் அப்படியே கல்லாகியிருக்கின்றன. உங்கள் தெருவில் சிமென்ட் காய்வதற்குள் பிள்ளைகள் மிதித்த தடம் எங்காவது இருக்கும். அதைக் காட்டினால் மகளுக்கு உடனே விளங்கிவிடும்.

கேள்வி: மசூலாப் படகை ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள் என்று என் தாத்தா சொல்வார். வேறு தேசத்தில் இப்படி உண்டா?
– வாசகர், காசிமேடு

பதில்: உண்டு, ஐயா, மேலே சொன்ன தான்சானியாவின் கடற்கரையிலேயே உண்டு. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, ஓலையில் முடைந்த சதுரப் பாய் கட்டிய ‘ம்டேபே’ என்ற கலம், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அங்கே ஓடியது. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களைக் கரைசேர்த்த மசூலாவை அலை தூக்கித் தரையில் அடிக்கும்போது, தையல் வளைந்து கொடுத்தது. ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றார் என்று நான் சொல்லமாட்டேன். கடல் அறிந்தவர்களின் கைக்கு இரண்டு கரையிலும் ஒரே வழி தோன்றியிருக்கலாம்.

காற்று மட்டும் பொதுவானது. நாம் வாடை என்று சொல்லும் வடகிழக்குக் காற்று தான்சானியக் கரையினருக்குக் ‘கஸ்காசி’. அதைப் பிடித்து அரேபிய, இந்தியக் கலங்கள் போய்ச் சேர்ந்து, தென்மேற்கிலிருந்து ‘குசி’ வீசும்போது திரும்பின. அந்த வணிகத்தில் செழித்த தான்சானியாவின் கில்வா தீவில், பவளக் கல்லால் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1331இல் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அந்நகரைக் கண்டு வியந்திருக்கிறார். சரக்கோடு சொற்களும் கரையேறின. அக்கரையின் மொழியான சுவாஹிலியில் ஒரு லட்சத்துக்கு ‘லாக்கி மோஜா’ என்பார்கள்; மோஜா என்றால் ஒன்று. அந்த லாக்கி நம் லட்சமேதான்.