அது எந்த வரியில் இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

(பதில் தருபவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். அருப்புக்கோட்டையில் போட்டித் தேர்வு எழுதுவோருக்கு மாலை வகுப்பு நடத்திவருகிறார்.)

கேள்வி: அம்மா, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படித்துவருகிறேன். உரைப்பத்தி வந்தால் முதலில் கேள்விகளைப் படி என்கிறார் ஒருவர். பத்தியைப் படி என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஆண்டிபட்டி

பதில்: கேள்வியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதன் கீழே உள்ள நான்கு விடைகளைப் பார்க்க வேண்டாம். நான்கில் மூன்று பொய். பத்தியைத் தொடும் முன்பே மூன்று பொய்களை மனத்தில் ஏற்றிக்கொண்டால், படிக்கும்போது கண் அவற்றைத்தான் தேடிப் போகும். கேள்வி, பிறகு பத்தி, அதற்கும் பிறகு விடைகள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

புதிய பாடத்திட்டத்தில் தமிழுக்கான 100 கேள்விகளில் 15 கேள்விகள் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனுக்கு உரியவை. உவமைத் தொடர், மரபுத் தொடர், பழமொழி ஆகியவையும் அந்தப் பதினைந்துக்குள்தான் வருகின்றன. ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண். மற்ற பகுதிகளுக்கு நீங்கள் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்கிறீர்கள். பத்திக் கேள்விக்கு மட்டும் விடை வினாத்தாளிலேயே அச்சாகி உங்கள் கைக்கு வருகிறது. அதை விடலாமா? தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வு இது. ஆகவே பத்திக் கேள்வியில் ‘விடை தெரியவில்லை’ என்ற வட்டத்தைக் கருமையாக்கவே கூடாது.

கேள்வி: பத்தி நன்றாகப் புரிகிறது. இரண்டு விடைகளை எளிதில் நீக்கிவிடுகிறேன். மீதி இரண்டும் சரியாகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு முறையும் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன். எங்கே பிழை செய்கிறேன்?
– வாசகர், கடலூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். இதே இடத்தில் நானும் விழுந்திருக்கிறேன்.

1987இல் வங்கி எழுத்தர் தேர்வுக்காக மதுரையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில் கைத்தறி பற்றிய பத்தி வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றிக் கொடுத்து வளர்ந்தவள் நான். பத்தியைப் பார்த்ததும் ‘இது நம் சங்கதி’ என்று மனம் பொங்கியது. நெசவாளர்கள் தொழிலை விட்டுப் போனதற்கு ஆசிரியர் கூறும் முதன்மைக் காரணம் என்ன என்பது கேள்வி. நூல் விலை ஏற்றம் என்று குறித்தேன். எங்கள் அப்பா ஒரு தறியை விற்றது நூல் விலையால்தான். ஐந்து கேள்விகளில் நான்கு தவறு.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியர் என்னை அருகில் அழைத்து, “நூல் விலை என்று எழுதியிருக்கிறாயே, அது எந்த வரியில் இருக்கிறது?” என்று கேட்டார். தேடினேன். மறுபடியும் மேலிருந்து தேடினேன். படித்த பிள்ளைகள் தறிக்குழியில் உட்கார விரும்பவில்லை என்பதையே பத்தி காரணமாகச் சொல்லியிருந்தது. நூல் விலை என்ற சொல்லே அதில் இல்லை. “உன் வீட்டில் நடந்தது உண்மைதான் அம்மா. ஆனால் இங்கே கேட்டது உன் வீட்டைப் பற்றி இல்லை” என்றார். அன்றிலிருந்து எந்த விடையைக் குறிக்கும் முன்பும் அந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் முதல் நாள் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

உங்களுக்காக ஒரு சிறு பத்தி எழுதியிருக்கிறேன். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

“ஏரியில் படிந்த வண்டலை உழவர்கள் கோடையில் வண்டி வண்டியாக அள்ளி வயலில் இட்டார்கள். வயலுக்கு உரம் கிடைத்தது. ஏரியின் கொள்ளளவும் குறையாமல் நின்றது. ரசாயன உரம் பரவிய பிறகு இந்த வழக்கம் பல ஊர்களில் அருகியது. அவ்வூர்களில் ஏரிகள் மேடிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.”

இந்தப் பத்தியிலிருந்து பெறப்படும் சரியான கருத்து எது?

(அ) வண்டல் அள்ளுவது நின்றதால்தான் ஏரிகள் மேடிட்டன.
(ஆ) ரசாயன உரம் மண்வளத்தைக் கெடுக்கிறது.
(இ) வண்டல் அள்ளுவது வயலுக்கும் ஏரிக்கும் ஒருசேரப் பயன்பட்டது.
(ஈ) வண்டல் அள்ளும் வழக்கம் எல்லா ஊர்களிலும் மறைந்துவிட்டது.

என் வகுப்பில் இதைக் கொடுத்தபோது பலரும் (அ)வைக் குறித்தார்கள். பத்தியில் ‘இதுவும்’ என்றிருக்கிறது. அந்த ‘உம்’ என்ன சொல்கிறது? வேறு காரணங்களும் உண்டு என்கிறது. இலக்கண வகுப்பில் எச்ச உம்மை என்று படித்தோமே, அதேதான். (அ)வில் வரும் ‘தான்’ மற்ற எல்லாக் காரணங்களையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது. பத்தி திறந்து வைத்ததை விடை மூடக்கூடாது. (ஈ)யிலும் இதே வேலை நடந்திருக்கிறது. ‘பல’ என்பது ‘எல்லா’ ஆகியிருக்கிறது. ‘அருகியது’ என்பது ‘மறைந்துவிட்டது’ ஆகியிருக்கிறது. அருகுதல் என்றால் குறைதல்.

மிக ஆபத்தானது (ஆ). நாம் பலரும் நம்புகிற கருத்து அது, மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் பத்தி மண்வளத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உங்கள் இரண்டு விடைகளில் ஒன்று பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். நமக்குத் தெரிந்த உண்மை என்பதால் கை தானாக அங்கே போகிறது. இரண்டாவது, மூன்றாவது வரிகளைச் சேர்த்து வேறு சொற்களில் சொல்லும் (இ)தான் விடை.

தமிழ்ப் பத்தியில் உம், தான், மட்டும், கூட, பெரும்பாலும், சில, பல ஆகிய சிறு சொற்களின் அடியில் கோடிட்டுப் படியுங்கள். பெரிய சொற்களில் நாம் ஏமாறுவதில்லை, இவற்றில்தான் ஏமாறுகிறோம்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன். வங்கித் தேர்வில் ஆங்கிலப் பத்தி வந்தாலே கை நடுங்குகிறது. ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் தமிழாக்கிப் படிக்கிறேன். பத்து நிமிடம் போய்விடுகிறது. என்ன செய்ய?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வங்கி எழுத்தர் முதனிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு 40 விநாடி. அந்த 20 நிமிடம் முடிந்தால் அந்தப் பகுதி மூடிவிடும். திரும்பி வர முடியாது. எனவே பத்தியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிழை கண்டறிதல், கோடிட்ட இடம் நிரப்புதல் இரண்டையும் எட்டு ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டுப் பத்திக்கு வந்தால் மூச்சுவிட நேரம் இருக்கும்.

வரிக்கு வரி தமிழாக்குவதை ஒரே நாளில் நிறுத்த முடியாது. நான் நிறுத்த ஏழெட்டு மாதம் ஆனது. ஒவ்வொரு பத்திக்கும் முடிவில் ஒரே ஒரு வரியைத் தமிழில் எழுதிப் பழகினேன்: இவர் என்ன சொல்ல வருகிறார்? அந்த ஒரு வரி வந்துவிட்டால் மற்ற வரிகளைத் தமிழாக்கத் தேவையில்லை என்பது மெல்ல மெல்ல மனத்துக்குப் பிடிபட்டது.

தெரியாத சொல்லைக் கண்டு நின்றுவிடாதீர்கள். தெரிந்த சொல்தான் காலை வாரும். ‘இன்ட்ரஸ்ட்’ ஒரு வரியில் வட்டி, அடுத்த வரியில் ஆர்வம், மூன்றாவது வரியில் ஒருவருடைய நலன். ‘எ ஃப்யூ’ என்றால் சிலர் இருக்கிறார்கள். முன்னால் உள்ள அந்தச் சின்ன ‘எ’ இல்லாமல் ‘ஃப்யூ’ மட்டும் வந்தால் அநேகமாக யாருமில்லை. ‘ஹார்ட்லி’ என்பதற்குக் கடினமாக என்று பொருள் எழுதியவர்கள் என் வகுப்பிலேயே உண்டு; அரிதாக, இல்லையென்றே சொல்லும் அளவுக்கு என்பதே பொருள். ‘ஹவெவர்’, ‘பட்’, ‘யெட்’ வந்த இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். அதற்கு முன்னால் சொன்னது பெரும்பாலும் பிறர் கருத்து. பின்னால் வருவதே எழுதியவர் கருத்து. கேள்வி அங்கிருந்துதான் வரும்.

கேள்வி: குடிமைப் பணி முதனிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் பத்திக் கேள்விகளை யூகித்து எழுதலாமா? ‘இன்ஃபெரன்ஸ்’, ‘அசம்ப்ஷன்’ இரண்டுக்கும் வேறுபாடு புரியவில்லை.
– வாசகி, சென்னை

பதில்: 80 கேள்விகள், 200 மதிப்பெண், தேற 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண் போதும். பிழையே இல்லாமல் 27 கேள்விகள் எழுதினால் தேறிவிடலாம். சரியான விடைக்கு 2.5, தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறித்தால், நீண்ட ஓட்டத்தில் வரவும் செலவும் சரியாகிவிடும், ஒன்றும் மிஞ்சாது. இரண்டு விடைகளைக் காரணத்தோடு நீக்கிவிட்டுக் குறித்தால் கேள்விக்குச் சராசரியாக 0.83 மதிப்பெண் மிஞ்சும். நீக்கக் காரணம் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

‘இன்ஃபெரன்ஸ்’ என்பது பத்தி சொன்னதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு. ‘அசம்ப்ஷன்’ என்பது சொன்னவர் வாய்விட்டுச் சொல்லாமல் காலடியில் வைத்துக்கொண்டு பேசும் நம்பிக்கை. “இந்தச் சாலையில் சுரங்கப்பாதை கட்டினால் விபத்து குறையும்” என்று ஒருவர் சொல்கிறார். மக்கள் அதில் இறங்கி நடப்பார்கள் என்று நம்பித்தானே சொல்கிறார்? அதை மறுத்துப் பாருங்கள். யாரும் இறங்க மாட்டார்கள் என்றால் அவர் பேச்சே விழுந்துவிடுகிறது. மறுத்தால் பேச்சு விழுகிறதா, அது ‘அசம்ப்ஷன்’. மறுத்தும் பேச்சு நிற்கிறதா, அந்த விடையை நீக்குங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. இப்போதே பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடலாமா?
– ஒரு தந்தை, துறையூர்

பதில்: வேண்டாம் ஐயா. அந்தப் பணத்தில் ஒரு நாளிதழ் வாங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஒரு தலையங்கத்தை அவள் உரக்கப் படிக்கட்டும். நீங்கள் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு நான்கு கேள்விகள் கேளுங்கள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் தலையங்கத்தில் விடை இருக்கக் கூடாது. முதல் சில நாள் அவள் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிச் சமாளிப்பாள், திட்டாதீர்கள். “எந்த வரியில் இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு நாள் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “அப்பா, இதில் அதைச் சொல்லவே இல்லையே” என்பாள். அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.