இமை வீக்கமும் 'இரண்டு ஆண்டுகளாக' என்ற இரண்டு சொற்களும்

கேள்வி (சுருக்கம்): கும்பகோணத்திலிருந்து எழுதும் வாசகரின் தாயாருக்கு 2025 செப்டம்பரில் வலது கண் இமை வீங்கிக் காய்ச்சலும் வந்தது. தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் சேர்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். பில் 64,000 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்தது 2024 ஜூனில். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நாட்பட்ட கண்ணிமை அழற்சி, இரண்டு ஆண்டுகளாக' என்று இருக்கிறது; க்ளெய்ம் படிவத்தில் எச் 01.0 என்ற நோய்க் குறியீடு. 'பாலிசிக்கு முன்பே இருந்த நோய். மேலும், வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம்' என்று நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. குறியீட்டை மாற்றி, அந்த இரண்டு ஆண்டையும் எடுத்துவிட்டுப் புதிய சம்மரி தருவதாக மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் சொல்கிறார்களாம். அதை வைத்து, மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம். கால் சென்டரில் போனை வைத்துவிட்டது, தங்கையின் திருமணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போன ஏஜெண்ட் இப்போது முகம் கொடுக்காதது, பயிற்சி மருத்துவர் கவனமில்லாமல் எழுதியது, எல்லாம் படித்தேன். இவற்றில் எதற்கும் எந்த நுகர்வோர் ஆணையமும் காசு தராது. மூன்றாம் பக்க ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, அதுதான் உங்கள் வழக்கு: 'அம்மாவுக்கு இமை ஓரத்தில் அரிப்பு உண்டு, மருந்துக்கடைக் களிம்பு போடுவார், 2024 பொங்கலுக்கு முன் கண் முகாமில்கூடக் காட்டினோம்.'

முன்பே இருந்த நோய் என்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறை இருக்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் அதைக் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது ஒரு மருத்துவர் அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ தந்திருக்க வேண்டும். அரிப்பு இருந்தது என்பது மட்டும் போதாது. மருந்துக்கடைக்காரர் மருத்துவர் அல்லர். ஆகவே 2024 ஜூனுக்கு முன் எந்த மருத்துவரும் அந்த இமையைப் பார்க்கவில்லை என்றால், சம்மரியில் 'இரண்டு ஆண்டுகளாக' என்று இருந்துவிட்டுப் போகட்டும். அதைத் தொடாமலே வாதாடலாம்.

முகாம்தான் எனக்கு உறுத்துகிறது. அங்கே புரை மட்டும் பார்த்து அனுப்பினார்களா, இமையையும் பார்த்தார்களா? அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள். 'வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், இமை ஓரத்தைச் சுத்தம் செய்யவும்' என்று ஒரு மருத்துவர் கிறுக்கியிருந்தாலும் அது மருத்துவ ஆலோசனைதான். பாலிசி கேட்டு முதலில் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் பாருங்கள். ஏஜெண்ட் டிக் அடித்தார் என்று சொல்லிப் பயனில்லை, கையெழுத்து உங்களுடையது.

இனி குறியீடு. எச் 01.0 என்றால் இமை ஓர அழற்சி. ஒத்தடமும் களிம்புமாக வீட்டிலேயே பார்ப்பது. அதற்கு நான்கு நாள் படுக்கை எதற்கு என்று நிறுவனம் கேட்டால் அந்தக் கேள்வி நியாயம்தான். தொற்று கண்குழிக்குள் இறங்கியிருந்தால் எச் 05.0, அது உயிருக்கே ஆபத்தாகலாம், படுக்கை வேண்டும். ஆனால் எது சரி என்று முடிவு செய்வது நீங்களும் பில்லிங் பிரிவும் அல்ல. காய்ச்சல் அட்டவணை, கண் அசைவு பற்றி மருத்துவர் எழுதிய குறிப்பு, சி.டி. ஸ்கேன் அறிக்கை, மருந்து ஏற்றிய நேரங்கள் ஆகியவைதான் அதைச் சொல்ல வேண்டும். வீக்கம் இமையோடு நின்றுவிட்டதாக ஸ்கேன் சொல்லும்போது கண்குழி என்று தூக்கி எழுதினால் அது திருத்தம் அல்ல, பொய். இமையோடு நின்றாலும் பரவாயில்லை. காய்ச்சல், வயது, பரவும் அபாயம் இவற்றைக் கண்டு மருத்துவர் சேர்த்தார் என்று கேஸ் ஷீட்டில், அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேட்டில், இருந்தால் அதுவே சேர்க்கைக்குப் போதுமான காரணம்.

இப்போது அந்தப் புதிய சம்மரி. தயவுசெய்து வாங்காதீர்கள்.

என் கட்சிக்காரர் ஒருவர் வாங்கினார். வேறு நோய், இதே கதை. மருத்துவமனை உதவுவதாக நினைத்து அதே தேதி, அதே உள்நோயாளி எண், அதே கையெழுத்தோடு புதுத்தாள் ஒன்றைத் தந்தது. பழைய வரி மட்டும் இல்லை. நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதியைக் கேட்டபோதே முதல் தாளின் நகல் நிறுவனத்துக்குப் போய்விட்டதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டாவதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'அச்சிட்ட நாள்' என்ற வரியை விரலால் காட்டினார். மோசடி எழுந்திருக்கிறது, விரிவான சாட்சியம் வேண்டும், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று மனு முடிந்தது. பாலிசியும் ரத்தானது. அடுத்து எந்த நிறுவனத்துக்குப் போனாலும் 'முன்பு பாலிசி ரத்து செய்யப்பட்டதா' என்ற கட்டத்தில் அவர் ஆம் என்று எழுத வேண்டும். பொய்யாவணம் என்று புகார் போனால் புதிய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகள். ஏமாற்றுவதற்காகப் பொய்யாவணம் புனைந்தால் ஏழு ஆண்டு வரை சிறை. தாளைத் தந்த பில்லிங் ஊழியர் அன்றைக்கு உங்களை யாரென்றே தெரியாது என்பார்.

முறையான திருத்தம் வேறு. முதல் சம்மரி அப்படியே இருக்க வேண்டும். சிகிச்சை தந்த மருத்துவர், இன்றைய தேதியிட்டு, தம் பதிவு எண்ணோடு, எது தவறு, கேஸ் ஷீட்டின் எந்தப் பக்கத்தைப் பார்த்துத் திருத்துகிறார் என்று தனிக் கடிதம் தர வேண்டும். 'இரண்டு ஆண்டு' என்பதை யார் சொல்லி எழுதினார் என்பதும் அதில் வரட்டும். தாயாரே சொன்னார் என்றால் அதையும் எழுதட்டும். களிம்பு பற்றிச் சொன்னார் என்று விளக்கலாம், சொல்லவில்லை என்று மறைக்கக் கூடாது. இதைக் கேட்பதற்கு முன் கேஸ் ஷீட்டின் முழு நகலையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. வரிசை மாறினால் நகலிலும் கை வைத்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். 64,000 ரூபாய்த் தகராறில் மன உளைச்சலுக்கு ஆணையம் சில ஆயிரங்கள் போடும், அதுவும் கை சுத்தமாக இருந்தால். சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது, என்னைப் போன்ற ஆளும் வேண்டாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அவர் உங்கள் புகாரை எடுக்கமாட்டார் என்பதால் அங்கே முதலில் போட்டுவிடாதீர்கள்.

முகாம் சீட்டில் இமை பற்றி ஒன்றும் இல்லை என்றால் முழுத்தொகைக்கும் நில்லுங்கள். ஒத்தடம், களிம்பு என்று ஏதாவது இருந்தால், குறைதீர்ப்பாளரிடம் சமரசத்தில் 35,000 ரூபாய் வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். அந்தச் சீட்டோடு மூன்று வருடம் ஆணையப் படி ஏறுவதைவிட அது லாபம். மறுப்புக் கடிதத்தின் தேதியை நீங்கள் எழுதவில்லை. அந்த மறுப்பை எதிர்த்து முதலில் நிறுவனத்திடமே எழுத்துமூலம் முறையிடுங்கள்; அதையும் அவர்கள் நிராகரித்த கடிதம் கிடைத்த நாளிலிருந்து குறைதீர்ப்பாளரிடம் போக ஓராண்டுதான் கெடு.