கதிரும் வேண்டும், தட்டையும் வேண்டும்

கேள்வி: வேப்பூர் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறேன். கறவை மாடு நான்கு. கதிர் ஒடித்தபின் கிடக்கும் தட்டையை மாடு மோந்து பார்த்துவிட்டு விலகிவிடுகிறது. மணியும் தீவனமும் சேர்ந்து கிடைக்கிற வீரிய ஒட்டு உண்டா? கதிர் முற்றும் முன்பே தழையை ஒடித்துப் போடலாமா?

பதில்: உண்டு. விதைக்கடையில் "எவ்வளவு உயரம் வளரும்" என்று கேட்காதீர்கள். "கதிர் உறை காயும்போது தழை பச்சையாக இருக்குமா" என்று கேளுங்கள். உயரத்துக்குப் பேர்போன ஆப்பிரிக்கன் டால் என்ற மக்காச்சோள ரகம், பசுந்தீவனத்துக்கென்று போடுவது. மணிக்கு அதை நம்ப வேண்டாம்.

மணி பிடிக்கும்போது தண்டிலும் இலையிலும் உள்ள சர்க்கரையும் தழைச்சத்தும் கதிருக்கு ஓடிவிடும். பல ரகங்களில் மணி முற்றுவதற்குள் கீழிலை தொடங்கிக் காய்ந்துகொண்டே வரும். மிஞ்சுவது நார்தான், உங்கள் மாடு விலகுவதும் அதனால்தான். பசுமை நிலைக்கும் ஒட்டுகளில் இலை கடைசிவரை உணவு தயாரிப்பதால் தண்டிலுள்ள சத்து அவ்வளவாகக் கரையாது. பயிர் சாய்வதும் குறையும்.

விதை உருவாக்குபவர்கள் வெகுகாலம் மணியின் எடையை மட்டுமே பார்த்தார்கள். பிறகு சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையமும் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நம் நாட்டில் ஒட்டுகளின் தட்டையையும் சோதித்தன. நல்ல மணி தரும் ஒட்டுகளுக்குள்ளேயே தட்டையின் செரிமானத் தன்மை வெகுவாக வேறுபட்டது. மணியைக் காவு கொடுக்காமலே நல்ல தட்டை உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இதில் கிடைத்த பெரிய சேதி. நாரை எளிதில் செரிக்கவிடாத லிக்னின் என்ற பொருள் குறைந்த 'பழுப்பு நடுநரம்பு' வகையும் உலகில் உண்டு. ஆனால் அதில் பயிர் சாயும், மணி குறையும். நமக்கு வேண்டாம்.

முற்றுமுன் தழை ஒடிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கதிரை ஒட்டிய இலைகளும் அதற்கு மேலுள்ளவையும்தான் மணியை நிரப்புகின்றன. நடுக்கதிரிலிருந்து ஒரு மணியை எடுத்து, சக்கையில் ஒட்டியிருந்த முனையை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே கறுப்புக் கோடு தெரிந்தால் இனி மணிக்குள் எதுவும் போகாது. அன்று முதல் கதிருக்கு மேலுள்ள பகுதியை வெட்டிப் போடலாம். கதிர் செடியிலேயே நின்று காயட்டும். படைப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தால் புட்டியில் போட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்திருக்க வேண்டும். மழை பொய்த்து வாடிய பயிரில் அடித்தண்டில் நைட்ரேட் சேரும், மாட்டுக்கு ஆபத்து. அப்படிப்பட்ட பயிரின் தட்டையை வெட்டும்போது தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டுங்கள்.

கதிர் ஒடித்த தட்டையை வயலில் கிடத்தாமல் உடனே வெட்டி, இரண்டு விரல் அகலத்துக்குப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். தட்டை மட்டும் கறவைக்குப் போதாது. உங்கள் பக்கம் நிலக்கடலைக்குப் பஞ்சமில்லையே, கடலைக்கொடியைக் கலந்து கொடுங்கள்.

ஒட்டு விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்காதீர்கள். அடுத்த தலைமுறையில் செடி சீராக வராது, விளைச்சலும் சரியும்.

இந்தப் பட்டத்தில் இரண்டு ஒட்டுகளை அரை அரை ஏக்கர் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கறுப்புக் கோடு தெரிந்த அன்று பத்துச் செடிகளில் கதிருக்கு மேல் எத்தனை இலை பச்சை என்று எண்ணிக் குறித்து வையுங்கள். விதைப்பையின் சீட்டையும் அந்தக் குறிப்போடு சேர்த்து வைத்தால், அடுத்த முறை எதை வாங்குவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.